ஒரு மணிக்கு நிற்கும் ஜெனரேட்டர்

கேட்டில் அவளை நிறுத்திவிட்டார்கள்.

பதினோரு வருடமாக அந்தக் கேரவன் திடலுக்கு வந்து போகிறவள். அவளுடைய பழைய வேன் திருப்பத்தில் தலையைக் காட்டினாலே காவல்காரர் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிடுவார். அவள் ஒரு கையை அசைத்துவிட்டு நேரே உள்ளே போய்விடுவாள். இன்றைக்குக் கட்டை அப்படியே கிடந்தது. ஒருமுறை ஹாரன் அடித்தாள். காவல்காரர் தன் செருப்பில் ஏதோ சிக்கிக்கொண்டதுபோல் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீசிலிருந்து மேனேஜர்தான் இறங்கி வந்தார்.

திடலில் அவளை டெஸ்டர் அக்கா என்பார்கள். கேரவன்களுக்கு மின்சார வேலை பார்க்கிறவள். தையல்காரர் காதில் பென்சிலைச் செருகிக்கொள்வதுபோல் இவள் காதில் எப்போதும் ஒரு டெஸ்டர் இருக்கும். குளிக்கும்போதாவது அதை எடுப்பாயா என்று அவள் தங்கையே கேட்டிருக்கிறாள்.

மேனேஜர் வேன் கதவில் கையை வைத்துக்கொண்டு, இன்றைக்கு வெயில் அதிகம் என்றார். அவள் ஆமாம் என்றாள். நேற்றும் அதிகம்தான் என்றார். அதற்கும் ஆமாம் என்றாள். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"உங்க மேல ஒரு புகார் வந்திருக்கு, அக்கா."

"யாரு? என்னன்னு?"

"ஏழாம் நம்பர் கேரவன்காரர். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனாரே, அவரு. ஜெனரேட்டரைத் தானா ஸ்டார்ட் பண்ற பெட்டியை நீங்கதானே மாத்திக் கொடுத்தீங்க? வேலையை முடிச்ச மாதிரி முடிச்சுட்டு, உள்ள எதையோ தளர்த்தி வச்சுட்டுப் போறீங்களாம். திரும்பத் திரும்பக் கூப்பிடணும்னு."

அவள் சாவியைத் திருப்பி வேனை அணைத்தாள். இறங்கினாள். கதவைச் சாத்தினாள். அதற்குள் காது மடல் வரைக்கும் சூடேறிவிட்டது. வேலை சரியில்லை என்று சொல்லியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பாள். யாருக்குத்தான் வேலை ஒருநாள் கோணாமல் போகிறது. இது அது இல்லை. இது திருட்டு என்று சொல்வதை நாலு வார்த்தை சுற்றிச் சொன்னது.

மேனேஜர் அதோடு விடவில்லை. தன் மனசில் ஒன்றும் இல்லை என்றார். ஆனால் திடலுக்கு ஒரு பெயர் இருக்கிறது, அதனால் அவள் பெயரை வேலைக்காரர் பட்டியலிலிருந்து இப்போதைக்கு எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். ஏரிக்கரைத் திடலுக்கும் நெடுஞ்சாலைத் திடலுக்கும் போன் போட்டு, கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். ஏதோ அவளுக்குச் செய்த உபகாரம் மாதிரி.

மூன்று திடல். அவளுடைய வாரத்தில் ஐந்து நாள் இந்த மூன்று இடங்களில்தான் போகும். மூன்றையும் ஒரே காலை நேரத்தில் போனிலேயே சாத்திவிட்டார் மனுஷர்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள்.

"கேக்கணும்னுதான் இருந்தேன்."

"கேக்கணும்னு இருந்தீங்க. போன் மட்டும் கையில ஒட்டிக்கிச்சா?"

மேனேஜர் காவல்காரரைப் பார்த்தார். காவல்காரர் இப்போது மற்றச் செருப்பைப் பார்த்தார்.

அவள் ஒரே ஒரு பகல் கேட்டாள். அந்தக் கேரவனுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதாகவும், ஜெனரேட்டர் தன் கண் முன்னால் நிற்கும் வரைக்கும் எழுந்திருக்கப் போவதில்லை என்றும் சொன்னாள். தன் கை வைத்த இடத்தில் கோளாறு என்றால் இந்தக் கேட் இருக்கும் திசைக்கே வரமாட்டாள். இல்லையென்றால், வாயால் எடுத்த பெயரை அந்த வாயாலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். மேனேஜர் யோசித்தார். சரி, நானும் கூட வந்து சொல்லிவிடுகிறேன் என்று நடந்தார்.

ஓட்டுநர் கேரவன் வாசலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். உட்காரும்போதும் கால் இரண்டும் பெடல் தேடுவதுபோல் முன்னால் நீட்டியே இருக்கும். மேனேஜர் சொன்னதைக் கேட்டுவிட்டு, தாராளமாக உட்காரட்டும் என்றார். எழுந்து வழி விடவில்லை. நாற்காலியை மட்டும் ஒரு சாண் நகர்த்தினார்.

"கையை நான் பார்த்துக்கிட்டே இருப்பேன்" என்றார்.

"நல்லாப் பாருங்க. கண்ணாடி போட்டுக்கிட்டே பாருங்க" என்று சொல்லிவிட்டு அவள் படியேறினாள்.

உள்ளே ஓட்டுநரின் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மெல்லிய குரலில், அவர் போய்ச் சொன்னது எனக்குத் தெரியாது தங்கச்சி, தெரிந்திருந்தால் காலைக் கட்டிக்கொண்டாவது நிறுத்தியிருப்பேன் என்றாள். இருக்கையில் இருந்த துணியை வாரி எடுத்து இடம் பண்ணிக்கொடுத்தாள். டீ போடட்டுமா என்றாள். டெஸ்டர் அக்கா வேண்டாம் என்றாள். இந்த வீட்டுத் தண்ணீர் தொண்டையில் இறங்கும் நிலையில் அவள் இல்லை.

வீடு என்றால் வீடுதான், சக்கரம் வைத்த வீடு. ஒரு கட்டில், மடித்தால் மேஜை, விரித்தால் இன்னொரு கட்டில். கையை நீட்டினால் அடுப்பு, திரும்பினால் குளியலறைக் கதவு. அதில் சுவர் கண்ட இடமெல்லாம் ஓட்டுநர் வெள்ளைப் பட்டையில் தமிழில் எழுதி ஒட்டியிருந்தார். அதற்கென்று ஒரு சின்ன மெஷின் வாங்கி வைத்திருந்தார். அமுக்கினால் எழுத்தாகத் துப்பும். விளக்கு ஸ்விட்ச்சின் மேல் 'விளக்கு'. குழாய்க்கு மேல் 'குடிக்கலாம்', பக்கத்துக் குழாய்க்கு மேல் 'குடிக்கக் கூடாது'. கதவில் 'சாயாதீர்'. இரண்டே பேர் இருக்கிற வண்டியில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் 'பேச்சுக் கொடுக்காதீர்'.

"என் நெத்தியில ஒண்ணுதான் இன்னும் ஒட்டலை" என்றாள் மனைவி.

டெஸ்டர் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. கோபத்தில் இருக்கும்போது வருகிற சிரிப்பு ஒரு பாதியிலேயே நின்றுவிடும், அதுவும் நின்றுவிட்டது.

கட்டிலுக்குக் கீழே இருந்த அறையைத் திறந்து பெட்டியைப் பார்த்தாள். அந்த வரிசையில் கம்பத்து மின்சாரம் கிடையாது. எல்லாம் கேரவனுக்குள் இருக்கிற பேட்டரியும் பின்பக்கம் இருக்கிற ஜெனரேட்டரும்தான். பேட்டரி இறங்கினாலோ, உள்ளே சூடு ஏறி ஏசி ஓட வேண்டியிருந்தாலோ, யாரும் எழுந்து போகாமலே ஜெனரேட்டரை எழுப்புகிறது இந்தப் பெட்டியின் வேலை. பழைய பெட்டியில் மழைத்தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்திருந்தது. அதைக் கழற்றிப் புதிதாகப் போட்டுப் பத்து நாள் ஆகிறது. மறுநாளே போன் வந்தது, நின்றுவிட்டது என்று. ஒன்பது மணிக்கு வந்து பார்த்தாள், நன்றாக ஓடியது. இரண்டு நாள் கழித்து மறுபடியும். பத்தரைக்கு வந்தாள், ஓடியது. மூன்றாவது தடவை வேறு வேலையை முடித்துக்கொண்டு சாயங்காலம் ஐந்தரைக்கு வந்தாள். அப்போதும் ஒரு முணுமுணுப்பு இல்லாமல் ஓடியது. ஒவ்வொரு தடவையும் ஒயர் முனைகளை இறுக்கினாள், பியூஸை மாற்றினாள், ஆயில் பார்த்தாள், டீசல் பார்த்தாள். அவள் தலை மறைந்ததும் நின்றுவிடுகிறது என்றால் ஓட்டுநர் வேறு என்ன நினைப்பார் என்று மேனேஜர் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார். நினைப்பது ஒன்று, ஊரெல்லாம் போன் போடுவது ஒன்று.

"எப்ப நிக்குது?" என்று ஓட்டுநரைக் கேட்டாள். இதை முதல் நாளும் கேட்டிருந்தாள்.

அவர் முதல் நாள் சொன்ன பதிலையே சொன்னார்: "எப்பப் பார்த்தாலும் நிக்குது."

"எப்பப் பார்த்தாலும்னா, இப்ப ஓடுதே?"

"நீ வந்திருக்கியே, அதான் ஓடுது."

மனைவி துணியிலிருந்து தலையைத் தூக்கி, இவர் தூங்கும்போதுதான், என்று ஆரம்பித்தாள். ஓட்டுநர் கையைக் காட்டி நிறுத்தினார். மெஷின் விஷயம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றார். அவள் மறுபடியும் துணிக்குள் போய்விட்டாள். டெஸ்டர் அக்காவும் அப்போது அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. அவர் கையைக் காட்டிய விதத்தில் வந்த எரிச்சல், அந்த அம்மாள் சொல்ல வந்ததை மூடிவிட்டது.

மேனேஜர் ஆபீசுக்குப் போய்விட்டார். பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. ஏசி ஓடிக்கொண்டிருந்தது, அதற்காக ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. டெஸ்டர் அக்கா மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓட்டுநர் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கையைத் தூக்கி நெற்றியைத் துடைத்தால் கூட அவர் கண்ணும் கூடவே மேலே போய்க் கீழே இறங்கியது. மனைவிதான் நடுவில், வெளியே பக்கத்துக் கேரவனில் பூனை குட்டி போட்டிருக்கிறது, நாலு, என்றாள். யாரும் நாலா என்று கூடக் கேட்கவில்லை.

பன்னிரண்டரைக்கு ஓட்டுநர் சாப்பிட்டார். சாப்பிட்டதும் அவருக்குக் கண்ணைச் சுழற்றியது. பஸ் ஓட்டிய காலத்தில் ஒருநாள் கூட மதியம் தூங்கியதில்லையாம். அதற்கெல்லாம் சேர்த்து இப்போது தூங்குகிறார் என்று மனைவி சொன்னாள். அவர் தூங்கமாட்டேன், காவல் இருக்கிறேன் என்றார். கட்டிலில் சும்மா சாய்ந்து பார்க்கிறேன் என்றார். ஒன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது குறட்டை கேட்டது.

சரியாக ஒரு மணிக்கு ஜெனரேட்டர் நின்றது.

இழுத்து, இருமி, தடுமாறி நிற்கவில்லை. யாரோ போதும் என்று சொன்னதுபோல் நின்றது. ஏசியும் அடங்கிவிட்டது. திடலில் பறவைச் சத்தம் கூட உள்ளே கேட்டது.

டெஸ்டர் அக்கா அசையவில்லை. இரண்டு நிமிஷம் பொறுத்தாள். சில சமயம் பெட்டி கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டு மறுபடியும் முயற்சி செய்யும். செய்யவில்லை. மீட்டரை எடுத்தாள். பேட்டரி சரியாக இருந்தது. ஏசி குளிர் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தது. அந்த ஒயரில் மின்சாரம் வந்தது. பெட்டியிலிருந்து ஜெனரேட்டருக்குப் போகிற ஒயரில் மீட்டரின் முனையை வைத்தாள். ஒன்றும் இல்லை. சைபர். மூன்று தடவை முயன்று தோற்றால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கும் எரியவில்லை.

அவள் குத்துக்காலிட்டபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இது முடியாமல் நின்றது இல்லை. வேண்டாம் என்று நின்றது. ஏசி கேட்கிறது, பெட்டிக்குக் காது கேட்கிறது, ஆனால் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறது. அப்படியென்றால் யாரோ அதன் வாயைக் கட்டியிருக்கிறார்கள்.

எழுந்து சுவரில் இருந்த பேனலுக்குப் போனாள். பெட்டிக்குக் கட்டளை போடுகிற இடம் அதுதான். ஆங்கிலத்தில் இருந்த அந்த நாலு பொத்தான்களுக்கும் ஓட்டுநர் பட்டை ஒட்டியிருந்தார். 'பேட்டரி அளவு'. 'குளிர் அளவு'. 'கடிகாரம்'. 'தூங்கும் நேரம்'. முன்பு வந்த மூன்று தடவையும் இந்தப் பட்டைகளைப் பார்த்து மனசுக்குள் சிரித்துவிட்டு, குனிந்து ஒயர்களுக்குள் போயிருந்தாள். அந்த நாலாவது பொத்தானில் பத்து நாளைக்கு முன்னால் இரவு பத்திலிருந்து காலை ஆறு என்று அவளே போட்டுவிட்டுப் போனாள். திடலில் அந்நேரம் ஜெனரேட்டர் சத்தம் கூடாது என்பது விதி, அந்த நேரத்தில் பெட்டி தானாக ஸ்டார்ட் பண்ணாது, ஓடிக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிடும். தான் போட்டதைத் திரும்பப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

இப்போது அமுக்கினாள். 13:00 என்று வந்தது. அடுத்து, 16:00.

"அக்கா" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். "இதை யாரு மாத்தினது?"

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒளிக்கிற குறி ஒன்றும் இல்லை.

"நான்தாம்மா."

"நீங்களா?"

"தூங்கும் நேரம்னு எழுதியிருந்துச்சு. அமுக்கிப் பார்த்தா ராத்திரி பத்துன்னு இருந்துச்சு. ராத்திரி என்ன, அவர் ஜன்னலைத் திறந்து வச்சுட்டுக் காத்தாடத் தூங்கிடுவாரு. மத்தியானம்தான் வேர்த்துக் கொட்டும். நேரத்தைச் சொல்லிட்டா அந்த நேரம் பார்த்து நல்லாக் குளுகுளுன்னு வைக்கும் போலன்னு நினைச்சேன். ஒண்ணுலேந்து நாலு."

"பதிமூணுன்னா ஒரு மணின்னு உங்களுக்கு..."

"முப்பத்தொரு வருஷம் இவரோட டூட்டிச் சீட்டைப் பார்த்துதானே சமைச்சேன். பதிமூணும் பதினாறும் எனக்குத் தெரியாதா?"

டெஸ்டர் அக்கா இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள். தினமும் அந்த மனுஷர் கண்ணை மூடிய அந்த நிமிஷத்தில், அவருக்காகவே, அவர் குளிர்ச்சியாகத் தூங்க வேண்டும் என்று போட்ட கட்டளையால், ஏசி அடங்கியிருக்கிறது. அவர் அரைமணி நேரத்தில் வேர்வையில் நனைந்து எழுந்திருக்கிறார். எழுந்ததும் யார் பெயரைச் சொல்லித் திட்டினார் என்பதும் இப்போது தெரிகிறது. மனைவிக்கு இன்னும் புரியவில்லை. அந்த நேரம் ஜெனரேட்டர் ஓடவே கூடாது என்றுதான் பெட்டி அதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ளும் என்று இவள் சொன்னபோது, அந்த அம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ. அப்ப நானா உன்னைக் கேட்டுல நிறுத்தினேன்?"

அதற்குள் ஓட்டுநர் எழுந்துவிட்டார். கழுத்தெல்லாம் வேர்வை. ஏசி ஓடாததைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. பார்த்தாயா, உன் எதிரிலேயே நின்றுவிட்டது, இனி என்ன சொல்வாய் என்கிற சந்தோஷம். டெஸ்டர் அக்கா பேனலைக் காட்டினாள். அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தார். மனைவி எல்லாவற்றையும் அவளே சொன்னாள்.

ஓட்டுநர் சிரித்தார். பெரிய பாரம் இறங்கியவர்போல் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"அவ்வளவுதானா! நான் என்னமோன்னு நினைச்சேன். இவ வேலையா இது! புரியாத எடத்துல கையை வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். சரி விடும்மா, ஆபீசுல சொல்லிடுறேன், வீட்டுக்காரி தெரியாம அமுக்கிட்டான்னு."

மனைவி மடித்து வைத்த துணியையே மறுபடியும் மடித்தாள்.

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் டெஸ்டர் அக்காவுக்குப் பொங்கியது. தன்னைச் சொன்னபோது கூட இவ்வளவு இல்லை. காலையில் ஒருத்தி தலையில் வைத்த பழியை, மதியத்துக்குள் இன்னொருத்தி தலைக்கு மாற்றிவிட்டு, அலுங்காமல் நலுங்காமல் சிரிக்கிறார். அவர் தலைக்கு மட்டும் வழியே தெரியவில்லை அதற்கு.

"இந்தப் பட்டையை யாரு எழுதினது?" என்றாள்.

"நான்தான். எல்லாத்தையும் நான்தான் எழுதினேன்."

"இந்தப் பொத்தானுக்கு நான் உங்ககிட்ட என்ன பேர் சொன்னேன்?"

அவர் யோசித்தார். ஏதோ அமைதி என்று சொன்னாய் என்றார்.

"அமைதி நேரம்னு சொன்னேன். ஜெனரேட்டர் சத்தம் போடக்கூடாத நேரம்னு சொன்னேன். நீங்க தூங்கும் நேரம்னு எழுதினீங்க."

"ராத்திரி அமைதின்னா தூங்குறதுதானே. அர்த்தம் ஒண்ணுதான்."

"ஒண்ணா? ஒண்ணுன்னா இது ஏன் நின்னுச்சு? அவங்க எழுத்துக்கு எழுத்துச் சரியாத்தான் படிச்சாங்க. வீட்டுல யாரு எப்பத் தூங்குவாங்கன்னு தெரிஞ்சவங்க, அதைச் சரியா எண்ணுல போட்டாங்க. படிச்சதும் சரி, போட்டதும் சரி. எழுதினது தப்பு."

ஓட்டுநர் பேனலைப் பார்த்தார். பிறகு அவர் ஒரு நியாயம் கண்டுபிடித்தார். அப்படியே இருந்தாலும், மூன்று தடவை வந்தாயே, நீ ஏன் பேனலைப் பார்க்கவில்லை, அது உன் தப்பு இல்லையா என்றார்.

"ஆமா, அது என் தப்பு" என்றாள் அவள். "நான் போட்டதை யாரும் தொடமாட்டாங்கன்னு நினைச்சேன். அதை ஆபீசுல நானே சொல்றேன், நீங்க கஷ்டப்பட வேண்டாம். மூணு தடவை வந்தும் பார்க்காத மூளை இல்லாதவன்னு சொல்லுங்க, தலையை ஆட்டிக்கிறேன். நீங்க அதையா சொன்னீங்க? வேணும்னே செஞ்சான்னு சொன்னீங்க."

அவள் பேனலில் இரவு பத்து, காலை ஆறு என்று போட்டாள். இரண்டு நிமிஷம் கழித்துப் பின்பக்கம் ஜெனரேட்டர் உறுமி எழுந்தது. ஏசி ஊத ஆரம்பித்தது. காற்று முகத்தில் பட்டதும் ஓட்டுநர் பழக்கத்தில் கண்ணை மூடப் போனார். மனைவி பார்க்கிற பார்வையில் திறந்துகொண்டார்.

"கிளம்புங்க" என்றாள் மனைவி. "ஆபீசுக்குப் போய்ச் சொல்லிட்டு வாங்க."

"சாயங்காலம் வெயில் தாழ..."

"காலையில சொல்லப் போனப்ப வெயில் இல்லையா?"

சட்டையை மாட்டிக்கொண்டார். வாசலில் டெஸ்டர் அக்கா அவரை நிறுத்தி, அங்கே என்ன சொல்லப் போகிறார் என்று இங்கேயே ஒருதரம் சொல்லிப் பார்க்கச் சொன்னாள். அவருக்கு அது அவமானமாக இருந்தது. எவ்வளவு பெரிய பஸ்ஸை எவ்வளவு சின்னச் சந்தில் திருப்பியவன், எனக்கு இது சொல்லத் தெரியாதா என்றார். சொல்லுங்கள் என்றாள்.

"ஒரு சின்னக் குழப்பம் நடந்துபோச்சு, இப்பச் சரியாயிடுச்சு."

"யாரு குழப்பினது?"

"வீட்டுல ஒரு..."

"வீட்டுல யாரு?"

"சரி, எழுதினதுல ஒரு பிழை வந்துடுச்சு."

"வந்துடுச்சா? நடந்து வந்துச்சா, பஸ்ல வந்துச்சா?"

மனைவி சிரித்துவிட்டாள். வாயை முந்தானையால் மூடிக்கொண்டும் சிரிப்பு நிற்கவில்லை. ஓட்டுநர் அவளைத் திரும்பிப் பார்த்தார். படியிறங்கி நடந்தார். அவர் பின்னால் டெஸ்டர் அக்கா. கதவைச் சாத்திவிட்டு மனைவியும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நீ எதற்கு என்று அவர் கேட்டதற்கு, கேட்க வருகிறேன் என்றாள்.

ஆபீசில் மேனேஜர் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். மூன்று பேர் வரிசையாக நுழைந்ததைப் பார்த்து எழுந்து நின்றார். டெஸ்டர் அக்கா முதலில் தன் பங்கைச் சொன்னாள்: பேனலை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. சொல்லிவிட்டு ஓட்டுநரைப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த திடல் வரைபடத்தைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு வேகமாக, கண்டக்டர் ஸ்டாப் பெயர் சொல்வதுபோல் ஒரே மூச்சில் சொன்னார்.

"நான்தான் தப்பா எழுதினேன். இவ அதைச் சரியாப் படிச்சா. அதனால நின்னுச்சு. இந்தம்மா எதையும் தளர்த்தி வைக்கலை. நான் சொன்னது பொய்."

மேனேஜருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவுதானா, நல்லவேளை, சின்ன விஷயம் என்றார். பெயரைத் திரும்பப் பட்டியலில் எழுதிவிடுகிறேன், எல்லாரும் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் போங்கள் என்றார். கையைக் கூட நீட்டினார், அவர்கள் இரண்டு பேரும் குலுக்கிக்கொள்ளட்டும் என்பதுபோல்.

"சின்ன விஷயத்துக்கா என்னைக் கேட்டுல நிறுத்தினீங்க?" என்றாள் டெஸ்டர் அக்கா.

மேனேஜரின் கை அப்படியே நின்றது.

"ஏரிக்கரைக்கும் நெடுஞ்சாலைக்கும் போன் போட்டீங்களே. இப்பப் போடுங்க."

சாயங்காலம் கட்டாயம் போடுகிறேன் என்றார் மேனேஜர். இப்போது அவர்கள் சாப்பிடுகிற நேரமாக இருக்கும். அவள் சுவரோரம் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"போடுங்க. நான் கேட்டுட்டுத்தான் போவேன்."

மேனேஜர் போனை எடுத்தார். எண்ணை அமுக்கினார். அந்தப் பக்கம் மணி அடிக்கிற சத்தம் அறைக்குள் எல்லாருக்கும் கேட்டது. எடுத்ததும், காலையில் ஒரு விஷயம் சொன்னேன் இல்லையா, என்று இழுத்தார். அது வந்து, என்றார். கொஞ்சம் தவறுதலாக ஒரு தகவல், என்றார். டெஸ்டர் அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

ஓட்டுநர் கையை நீட்டினார்.

"கொடுங்க. உங்களுக்கு வராது" என்று போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். பேசினார். முதல் தடவை மாதிரி வேகமாக இல்லை. யாருக்குச் சொல்கிறோம் என்று தெரிந்தவர்போல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். ஆமாம், பஸ் ஓட்டினவன்தான், என்றார். இன்னும் ஏதோ கேட்டார்கள். சிரிப்புச் சத்தம் போனைத் தாண்டி வெளியே வந்தது. அவர் சிரிக்கவில்லை. வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணு ஆச்சு" என்றாள் டெஸ்டர் அக்கா. "இன்னொண்ணு?"

மனைவி மேஜையைச் சுற்றி வந்து, அவருக்கு எண்ணைப் பார்க்கத் தோதாக மேனேஜரின் நோட்டைத் திருப்பி வைத்தாள்.